மைதானத்தில் யார் பேசினால் அரசியல்?

2021 அக்டோபர் 24, ஞாயிற்றுக்கிழமை. துபாயில் இருபது ஓவர் உலகக் கோப்பை. இந்தியாவும் பாகிஸ்தானும் மோதுகிற ஆட்டம். முதல் பந்து வீசப்படுவதற்கு முன்னால் இந்திய வீரர்கள் ஒரு காலை மடக்கி மண்டியிட்டார்கள். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் மீது நடக்கும் கொலைபாதகங்களுக்கு எதிரான அடையாளம் அது. 2020 மே மாதம் மின்னியாபொலிஸ் நகரத்தில் ஜார்ஜ் ஃப்ளாய்டின் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்தி ஒரு போலீஸ்காரன் கொன்ற பிறகு உலகம் முழுக்க மைதானங்களில் பரவிய அடையாளம். நிர்வாகத்திலிருந்து சொன்னார்கள், செய்தோம் என்கிற பொருளில் அணித்தலைவர் விராட் கோலி பின்னர் சொன்னார்.

மறுநாள் எங்கள் வங்கிக் கிளையில் மதியச் சாப்பாட்டு நேரம். பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றுப்போன ஆத்திரத்தில் ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். மண்டியிட்டதைப் பற்றி யாருக்கும் எந்த வருத்தமும் இல்லை. நான்தான் வாயைத் திறந்தேன். "அமெரிக்காவுல இருக்கிறவங்களுக்காக மண்டி போட்டாங்க, சரி. வந்தனா கட்டாரியாவுக்காக ஏன் போடலை?"

"அது யாரு?" என்றார் காசாளர்.

சொன்னேன். சொல்லி முடித்ததும் டிபன் பாக்ஸ்களின் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு ஒருவர், நல்ல மனுஷன், எனக்கு அவசரத்துக்குப் பணம் கொடுத்து உதவியவர், மெதுவாகச் சொன்னார்: "விளையாட்டுல எதுக்குங்க அரசியல்?"

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அதனால்தான் அந்தக் கேள்வியை இத்தனை வருஷமாக நான் சுமந்துகொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை துபாயில் நடந்தது அவருக்கு அரசியலாகப் படவில்லை. திங்கட்கிழமை நான் ஒரு தலித் பெண்ணின் பெயரைச் சொன்னதும் அரசியல் வந்துவிட்டது. விளையாட்டு வீரர்கள் அரசியல் பேசலாமா கூடாதா என்கிற விவாதம் முழுவதும் இந்த ஒரு முடிச்சில்தான் இருக்கிறது. எது பேச்சு, எது அரசியல் என்று பிரிக்கிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது?

வந்தனாவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உத்தராகண்ட் மாநிலம் ஹரித்வார் பக்கம் ரோஷ்னாபாத் கிராமத்துக்காரர். 2021 மே மாதம் அவருடைய தகப்பனார் இறந்தபோது பெங்களூரில் பயிற்சி முகாமில் இருந்தார்; இறுதிச் சடங்குக்குக்கூடப் போக முடியவில்லை. ஜூலை 31 அன்று டோக்கியோவில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் அவர். நாலு நாள் கழித்து, ஆகஸ்ட் 4 அன்று, அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் இந்திய அணி தோற்றது. அன்றைக்கு அவர் வீட்டுக்கு முன்னால் ஆதிக்க சாதி ஆட்கள் பட்டாசு கொளுத்தி ஆடினார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகப் போனதால்தான் தோற்றோம் என்று கத்தினார்கள் என்று குடும்பத்தார் போலீசில் புகார் கொடுத்தார்கள். கைதுகள் நடந்தன.

தேசம் தோற்றால் பட்டாசு வெடிக்கிறவனை இந்த நாட்டில் என்ன சொல்வார்கள் என்று நமக்குத் தெரியும். இங்கே அந்த வார்த்தையை எடுத்து வீச யாரும் அவசரப்படவில்லை.

இப்போது சொல்லுங்கள். மைதானத்துக்குள் அரசியலைக் கொண்டுவந்தது யார்? வந்தனா கையில் இருந்தது ஹாக்கி மட்டை மட்டும்தான். அரசியல் அவர் வீட்டு வாசலில் வந்து பட்டாசு வெடித்தது. அதற்குப் பதிலாக அவர் சொன்னது மிகக் குறைவு: நாங்கள் நாட்டுக்காக ஆடுகிறோம், சாதிப் பேச்சு கூடாது. அணித்தலைவர் ராணி ராம்பால், வண்டி இழுத்துப் பிழைத்தவரின் மகள், இது வெட்கக்கேடு என்று வெளிப்படையாகக் கண்டித்தார். கிரிக்கெட்காரர்களின் வருமானத்தில் சிறு துளிகூட இல்லாத பெண்கள் இவர்கள். இரண்டரை மாதம் கழித்து துபாயில் மண்டியிட்ட அணி, வந்தனாவுக்காக மண்டியிட்டதில்லை.

கறுப்பின மக்களுக்காக மண்டியிட்டது தப்பு என்று நான் சொல்லவில்லை. நம் தோழர்கள் 1972-ல் பம்பாயில் 'தலித் பேந்தர்' என்று இயக்கம் கட்டியபோது பெயரை அந்த மக்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் வலி நமக்கு அந்நியமில்லை. ஆனால் கடல் கடந்து இருக்கிற அநியாயத்துக்கு மண்டியிட உள்ளூரில் எந்த விலையும் கொடுக்க வேண்டியதில்லை. பக்கத்துத் தெரு அநியாயத்துக்கு மண்டியிட்டால் பக்கத்துத் தெருக்காரன் கோபித்துக்கொள்வான். அந்தக் கோபத்துக்கு அஞ்சுகிற அஞ்சலுக்குத்தான் 'நடுநிலை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

விளையாட்டில் அரசியல் நேற்று வந்ததுமில்லை. இந்தியக் கிரிக்கெட்டின் முதல் பெரும் பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலு. 1876-ல் சமார் சாதியில் பிறந்தவர். புனாவில் வெள்ளைக்காரர்களின் ஜிம்கானாவில் ஆடுகளம் பராமரிக்கிற வேலையில் இருந்து, வலையில் அவர்களுக்குப் பந்து போட்டுப் போட்டே இடது கைச் சுழலைக் கற்றவர். அவர் இல்லாமல் வெள்ளைக்காரனை ஜெயிக்க முடியாது என்றானதும் புனா இந்துக்கள் அவரை அணியில் சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் அவர் தொட்ட பந்தை மற்றவர்களும் தொட்டார்கள். தேநீர் இடைவேளை வந்ததும் அவருக்கு மட்டும் கூடாரத்துக்கு வெளியே, மண் குவளையில். பந்துக்குத் தீட்டு இல்லை, பீங்கானுக்கு உண்டு!

1911-ல் இங்கிலாந்து சென்ற அகில இந்திய அணியில் 114 விக்கெட் எடுத்துத் திரும்பினார். இருந்தும் இந்து அணியின் தலைமைப் பொறுப்பு அவருக்கு வரவில்லை. 1920-ல் தலைமை விவகாரத்தில் மறுபடியும் சாதி குறுக்கே வந்தபோது அவருடைய தம்பிகள் விட்டலும் சிவராமும் ஆட மறுத்து அணியை விட்டு விலகினார்கள். காரணம் சாதிதான் என்று பகிரங்கமாகச் சொன்னார்கள். மூன்று வருஷம் கழித்து, 1923-ல், விட்டல் அதே இந்து அணிக்குத் தலைவரானார். வாயை மூடிக்கொண்டு விக்கெட் எடுத்த அண்ணனுக்குக் கிடைக்காதது, வாயைத் திறந்த தம்பிக்குக் கிடைத்தது. 'ஆட்டத்தால் பதில் சொல்' என்று நமக்கு உபதேசம் செய்கிறவர்கள் இந்தக் கதையைப் படிக்க வேண்டும்.

உபதேசம் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்தாலாவது பரவாயில்லை. 2019 மார்ச் 8 அன்று ராஞ்சியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இந்திய வீரர்கள் ராணுவத் தொப்பி அணிந்து ஆடினார்கள். புல்வாமாவில் இறந்த வீரர்களுக்கு அஞ்சலி. சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சில் அனுமதித்தது. இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்த வேண்டியதுதான். ஆனால் 2023 டிசம்பரில் ஆஸ்திரேலிய வீரர் உஸ்மான் கவாஜா காஸாவில் சாகிற மக்களை நினைத்துத் தன் காலணியில் 'எல்லா உயிரும் சமம்' என்று எழுதிக்கொண்டு வந்தார். அதே கவுன்சில் தடுத்தது. எல்லா உயிரும் சமம் என்பது அரசியல் வாசகமாம்! எங்கள் சேரியில் பள்ளிக்கூடப் பிள்ளைகூட சிரிக்கும்.

2021 பிப்ரவரியில் டெல்லி எல்லையில் விவசாயிகள் போராடிக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டுப் பாடகி ரிஹானா ஒரு வரி எழுதியதும் இந்தியக் கிரிக்கெட் நட்சத்திரங்கள் வரிசையாக வந்து, வெளியாட்கள் தலையிட வேண்டாம், நாம் ஒற்றுமையாக இருப்போம் என்ற தொனியில் எழுதினார்கள். சச்சின் டெண்டுல்கரும் எழுதினார். அது அரசியல் இல்லையா? அரசாங்கத்தின் பக்கம் நின்று பேசினால் தேசபக்தி. எதிரே நின்று கேட்டால் அரசியல்.

எதிரே நின்று கேட்டவர்களின் கதியையும் பார்த்தோம். 2023-ல் மல்யுத்த வீராங்கனைகள் வினேஷ் போகட்டும் சாக்ஷி மாலிக்கும், அவர்களோடு பஜ்ரங் புனியாவும், ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். மல்யுத்தச் சம்மேளனத் தலைவர் பிரிஜ் பூஷன் சரண் சிங் மீது பாலியல் தொல்லைப் புகார். தெருவில் உட்காருவது ஒழுங்கீனம், நாட்டின் பெயர் கெடுகிறது என்றார் ஒலிம்பிக் சங்கத் தலைவர் பி.டி. உஷா. தானும் ஓடி ஓடி மேலே வந்த ஒரு பெண். மே 28, புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட அன்று, அதை நோக்கி நடந்தவர்களைப் போலீஸ் தரையில் இழுத்து வண்டியில் ஏற்றியது. டிசம்பரில் சாக்ஷி தன் காலணியை மேசை மேல் வைத்துவிட்டு மல்யுத்தத்தை விட்டுப் போனார்.

இங்கே ஒன்றை யோசிக்க வேண்டும். அவர்கள் ஜாட் சாதிப் பின்புலம் உள்ளவர்கள். நிலம் உள்ள சாதி, வாக்கு உள்ள சாதி. காப் பஞ்சாயத்துகள் வந்து பின்னால் நின்றன. ஒலிம்பிக் பதக்கம் கழுத்தில் இருந்தது. அப்படியும் தரையில் இழுத்தார்கள். அப்படியென்றால் பதக்கமும் இல்லாத, பஞ்சாயத்தும் இல்லாத ஒரு சேரிப் பையன் பேசினால் என்ன ஆகும்?

இது எனக்கு ஏட்டுக் கேள்வி இல்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்த ஒரு தம்பி என்னோடு இருந்தான். கபடி ஆட்டக்காரன். நம்ம ஆள். மாநில அளவில் ஆடியவன். தொடாமல் ஆட முடியாத ஆட்டம் கபடி. அதனாலேயே அவன் ஊரில் காலனிப் பிள்ளைகளின் அணியைப் பொங்கல் போட்டியில் சேர்த்துக்கொள்வதில்லை. "நுழைவுக் கட்டணத்த வாங்கிட்டு, மறுநாள் திருப்பிக் குடுத்துருவாங்கண்ணே. டீம் நெறஞ்சு போச்சும்பாங்க. கிரவுண்டுல பாத்தா நாலு டீமுதான் நிக்கும்."

அவன் பெயர் பத்திரிகையில் வந்த பிறகு ஊர்க்காரர்கள் ஃபிளக்ஸ் வைத்தார்கள், 'எங்கள் ஊர்ச் சிங்கமே' என்று. பாராட்டு விழாவுக்குக் கூப்பிட்டார்கள். மேடையில் நாற்காலி போட்டார்கள். எல்லோருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். இவன் முறை வந்ததும் பொன்னாடையை மடித்தபடியே மேசை மேல் வைத்து, "எடுத்துக்கப்பா" என்றார்கள். எடுத்துக்கொண்டான். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள். நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட்டான்.

பாலுவின் மண் குவளையும் இந்தத் தம்பியின் பொன்னாடையும் ஒரே கடையில் வாங்கியவை.

இதை அவன் என்னிடம் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "மைக் கையில இருந்துச்சேப்பா! அப்பவே கேட்டிருக்கணும்" என்றேன். அவன் என்னை ஒரு நிமிஷம் பார்த்தான். "அண்ணே, நீங்க புனைபெயர்ல கவிதை எழுதுறீங்க. நான் எந்தப் பேர்ல ஆடுறது? என் பேரத்தான் முதுகுல அச்சடிச்சு வச்சிருக்கான். எங்கம்மா அந்த ஊர்லதான் இருக்கு."

எனக்குப் பதில் இல்லை. வங்கியில் எனக்கு நடத்தை விதிகள் இருக்கின்றன. பதவி உயர்வு, இடமாற்றம், வீட்டுக் கடன் எல்லாம் இருக்கின்றன. அதனால் இந்தப் பக்கங்களில் வேறு பெயரில் கலகம் செய்துவிட்டு, காலையில் பத்து மணிக்குக் கவுன்ட்டரில் போய் உட்கார்ந்து கொள்கிறேன். எனக்கு இருக்கிற ஒளிவிடம்கூட அவனுக்கு இல்லை. அவன் உடம்புதான் அவன் மேடை. இருபத்தெட்டு வயதில் முழங்கால் போனால் ஆட்டம் முடிந்தது. அவனிடம் போய் நான் போராட்டம் கேட்கிறேன்!

அந்தப் பயம் கற்பனை இல்லை. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில் தேர்வு எழுதப் போய்க்கொண்டிருந்த ஒரு தலித் மாணவனின் விரல்களை வெட்டினார்கள். கபடியில் தோற்கடித்ததற்கான பழி என்று குடும்பத்தார் சொன்னார்கள். அந்தப் பிள்ளை மேடையேறிப் பேசவில்லை, துண்டறிக்கை கொடுக்கவில்லை. ஆடினான், ஜெயித்தான். நம் பிள்ளைகள் ஜெயிப்பதே இந்த ஊர்களில் அரசியல் அறிக்கையாகிவிடுகிறது. அதற்கு மேலும் பேசு என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

அப்படியானால் யார் பேசுவது? இதற்கு 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஒரு பதில் இருக்கிறது. அக்டோபர் 16, இருநூறு மீட்டர் ஓட்டம். அமெரிக்கக் கறுப்பர் டாமி ஸ்மித் 19.83 விநாடியில் உலக சாதனை. மூன்றாவது ஜான் கார்லோஸ், அவரும் கறுப்பர். பரிசு மேடையில் இருவரும் காலணி இல்லாமல், கறுப்புக் காலுறையோடு, கறுப்புக் கையுறை மாட்டிய முஷ்டியை உயர்த்தி, தலை குனிந்து நின்றார்கள். இந்தப் படத்தை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் ஆவரி பிரண்டேஜ் நெருக்கியதில் இருவரும் விளையாட்டுக் கிராமத்தை விட்டே வெளியேற்றப்பட்டார்கள். இதே பிரண்டேஜ்தான் 1936-ல் ஹிட்லரின் பெர்லின் ஒலிம்பிக்கைப் புறக்கணிக்கக் கூடாது, விளையாட்டில் அரசியல் கூடாது என்று அமெரிக்காவில் வாதாடியவர்.

அந்தப் படத்தில் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். வெள்ளையர். இரண்டாவதாக வந்த ஆஸ்திரேலியர் பீட்டர் நார்மன். முஷ்டியை உயர்த்தவில்லை, கோஷம் போடவில்லை. அந்தக் கறுப்பு வீரர்கள் அணிந்திருந்த மனித உரிமைப் பட்டையைக் கேட்டு வாங்கித் தன் நெஞ்சிலும் குத்திக்கொண்டார். அவ்வளவுதான். ஊருக்குப் போனதும் ஒதுக்கப்பட்டார். 1972 ஒலிம்பிக்குக்கு அவரை அனுப்பவில்லை. அன்று அவர் ஓடிய 20.06 விநாடி ஆஸ்திரேலிய சாதனையாக 2024 டிசம்பர் வரை, ஐம்பத்தாறு வருஷம், நின்றது. 2006-ல் அவர் இறந்தபோது ஸ்மித்தும் கார்லோசும் போய்ச் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தார்கள். 2012-ல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது. கேட்பதற்கு அவர் இல்லை.

ஸ்மித்தும் கார்லோசும் படித்த சான் ஹோசே பல்கலைக்கழகத்தில் 2005-ல் அந்தக் காட்சியைச் சிலையாக வைத்தார்கள். இரண்டாம் இடம் மட்டும் காலி. நார்மனே அப்படிக் கேட்டுக்கொண்டார். பார்க்க வருகிறவர்கள் அங்கே ஏறி நிற்கட்டும் என்று.

இந்தியாவில் அந்த இடம் இன்னும் காலியாகவே கிடக்கிறது. நான் கேட்பதெல்லாம் இதுதான்: முதலில் பேச வேண்டியவன் பாதிக்கப்பட்டவன் இல்லை, பாதுகாப்பாக இருப்பவன். கோடிகளில் ஒப்பந்தம் உள்ளவன், நாளைக்கே ஆட்டத்தை நிறுத்தினாலும் வர்ணனையாளர் நாற்காலி காத்திருக்கிறவன், குடும்பப் பெயரைச் சொன்னால் கதவு திறக்கிறவன். அவன் பட்டையைக் குத்திக்கொள்ளட்டும். அவனாலும் முடியும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. அதே 2021 உலகக் கோப்பையில், தோற்றதற்கு முகமது ஷமியின் மதத்தைக் காரணம் காட்டி வசைபாடியபோது, மதத்தைச் சொல்லி ஒருவரைத் தாக்குவது கேவலம் என்று கோலி பத்திரிகையாளர்கள் முன் உறுதியாகப் பேசினார். அதற்காக அவருடைய கைக்குழந்தையைக் குறித்து மிரட்டல் வந்தது. உச்சாணியில் இருப்பவனுக்கே அந்த விலை. ஆனால் அவரால் தாங்க முடிந்தது. மதத்துக்காகத் திறந்த வாய் சாதிக்காகவும் திறக்கட்டும் என்றுதான் கேட்கிறோம்.

ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பேசும் உரிமை என்றால் நமக்குப் பிடித்ததைப் பேசும் உரிமை மட்டுமில்லை. பல்வங்கர் பாலு பின்னாளில் அரசியலுக்கு வந்தார். 1932-ல் தனித் தொகுதி வேண்டாம் என்று எம்.சி. ராஜாவோடு நின்றார். புனா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். 1937 பம்பாய்த் தேர்தலில் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. சுமார் இரண்டாயிரம் வாக்கில் பாபாசாகேப் ஜெயித்தார். மண் குவளையில் தேநீர் குடித்த அதே மனிதர், நம் தலைவருக்கு எதிரே நின்றார். வலிக்கத்தான் செய்கிறது. அதற்காக பந்துவீச்சாளன் வாயை மூடிக்கொண்டு பந்து போட்டிருக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் நிலைபாடு தவறு என்பேன், அவர் நின்றது தவறு என்று சொல்ல மாட்டேன். பாபாசாகேப் அவரைத் தேர்தலில் தோற்கடித்தார். வாதத்துக்கு வாதம், வாக்குக்கு வாக்கு. அதுதான் வழி.

வந்தனா கட்டாரியா 2025 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். நாட்டுக்காக 320 ஆட்டங்கள். அதுவரை எந்த இந்தியப் பெண்ணும் ஹாக்கியில் அவ்வளவு ஆடியதில்லை. செய்தி எங்கள் ஊர்ப் பத்திரிகையில் உள்பக்கத்தில் சின்னதாக வந்திருந்தது. வெட்டி எடுத்துப்போய் சாப்பாட்டு நேரத்தில் மேசை மேல் வைத்தேன். அன்றைக்கு அரசியல் எதற்கு என்று கேட்ட அந்த மனிதர் எடுத்துப் படித்தார். மடித்து என்னிடம் கொடுத்தார். கையில் கொடுத்தார், மேசை மேல் வைக்கவில்லை. "அந்தப் பொண்ணா?" என்று மட்டும் கேட்டார். பெயர் நினைவில் இருந்திருக்கிறது. நாலு வருஷத்தில் அவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.

கபடித் தம்பி இப்போது வேறு கிளையில் இருக்கிறான். இதை எழுதி முடித்ததும் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். "என் பேரு, ஊரு எதையும் போடலையே?" என்றான். போடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "உங்க பேரு?" என்றான்.

இந்த முறை சம்பளப் பட்டியலில் உள்ள பெயரையே போடச் சொல்லி ஆசிரியருக்கு எழுதியிருக்கிறேன். அவனை மைக்கில் பேசச் சொன்னவன் நான்தானே.